ஐந்தாம் தரப் புலமைப்பரிசில்: மலையகப் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகள்

இலங்கையின் மலையகத்தில், ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் பதினேழு ஆண்டுகள் ஐந்தாம் தரத்துக்குக் கற்பித்தேன். என் இரண்டு பிள்ளைகளும் இதே பரீட்சைக்குத் தோற்றியவர்கள். ஆகவே ஆசிரியனாகவும், தூக்கம் கெட்ட தகப்பனாகவும் இந்தப் பரீட்சையை எனக்குத் தெரியும். பஸ் தரிப்பிடத்தில், கோயில் வாசலில், சில வேளை செத்த வீட்டிலும் பெற்றோர் என்னை நிறுத்திக் கேட்ட கேள்விகள்தான் கீழே இருப்பவை.

இந்தப் பரீட்சை உண்மையில் எதற்காக?

இரண்டு காரியங்களுக்காக. ஒன்று, ஆறாம் தரத்தில் வசதி கூடிய பாடசாலைகளில் இருக்கும் இடங்களுக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்வது. மற்றது, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாதாந்த உதவித்தொகை கொடுப்பது. இதன் வேர் 1940களில் இருக்கிறது. இலவசக் கல்வியின் தந்தை என்று சொல்லப்படும் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளை மத்திய பாடசாலைகளுக்குக் கொண்டுவருவதற்காகத் தொடங்கிய ஏற்பாடு இது. 1945 இல் இலவசக் கல்வி வந்தபோது நம்முடைய தோட்டப் பாடசாலைகள் அந்த வட்டத்துக்கு வெளியேதான் நின்றன. அவற்றை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில். நாம் இந்த வரிசைக்கு ஒரு தலைமுறை பிந்தி வந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. அதே நேரம், அதையே பிள்ளையின் தலையில் சுமத்தவும் கூடாது.

பிள்ளையின் மூளையை நிறுத்துப் பார்க்கும் தராசு என்று பலர் இதை நினைக்கிறார்கள். அப்படியில்லை. குறைவான இடங்களுக்கு நிறையப் பேர் வரிசையில் நிற்கும்போது யாரை முதலில் உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் வழி, அவ்வளவுதான்.

கட்டாயம் தோற்ற வேண்டுமா?

இல்லை. கட்டாயமில்லை என்று கல்வி அமைச்சே சொல்லியிருக்கிறது. தோற்றாத பிள்ளையும் ஆறாம் தரத்துக்குப் போகும். ஆனாலும் தோட்டத்துப் பிள்ளைக்கு நான் "தோற்றட்டும்" என்றுதான் சொல்வேன். வேறு வழியாகப் பெரிய பாடசாலையின் கதவைத் தட்ட நம்மிடம் பழைய மாணவர் சங்கமும் இல்லை, பாடசாலைக்குப் பக்கத்தில் வீடும் இல்லை.

வினாத்தாள் எப்படி இருக்கும்?

இரண்டு பகுதிகள், மொத்தம் 200 புள்ளிகள். முதலாம் பகுதி 40 பல்தேர்வு வினாக்கள், ஒரு மணி நேரம். இது நுண்ணறிவைச் சோதிப்பது. இரண்டாம் பகுதி ஒரு மணி 15 நிமிடம். அதில் தாய்மொழி, கணிதம், சுற்றாடல் ஆகியவற்றோடு ஆங்கிலமும் இரண்டாம் மொழியான சிங்களமும் வரும். அண்மை ஆண்டுகளில் இரண்டாம் பகுதியைத்தான் காலையில் முதலில் கொடுத்தார்கள். பிள்ளைக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இரண்டு என்று போட்ட தாள் முதலில் வந்ததும் திகைத்துப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

முதலாம் பகுதியைத்தான் பெற்றோர் பயத்தோடு பார்க்கிறார்கள். ஓர் உதாரணம் தருகிறேன். 3, 6, 11, 18, அடுத்தது என்ன? என் வகுப்பில் ஒரு பையன் ஒவ்வோர் எண்ணுக்கும் இடையில் சின்னப் பாலம் போல ஒரு வளைவு வரைந்து, மேலே 3, 5, 7 என்று எழுதினான். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "அடுத்த பாலம் ஒன்பது, சேர்" என்றான். விடை 27. அவனுக்குச் சூத்திரம் எதுவும் தெரியாது. இடைவெளியைப் பார்க்கத் தெரிந்திருந்தது. நூறு மாதிரி வினாத்தாள்களை மனப்பாடம் செய்த பிள்ளை, நூற்றியோராவது தாளில் எண்கள் மாறியதும் தடுமாறும். பாலம் வரையத் தெரிந்த பிள்ளை தடுமாறாது.

மகள் மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தாள். கேட்ட பாடசாலை ஏன் கிடைக்கவில்லை?

ஆண்டுதோறும் அதிகமான கண்ணீருக்குக் காரணம் இந்த ஒரு குழப்பம்தான். வெட்டுப்புள்ளி என்பது ஒன்றல்ல, இரண்டு.

பெறுபேறு வரும் நாளில் பத்திரிகைகளில் வருவது மாவட்ட வெட்டுப்புள்ளி. இது மாவட்டத்துக்கு மாவட்டம், தமிழ் மொழிமூலத்துக்கும் சிங்கள மொழிமூலத்துக்கும் தனித்தனியாக இருக்கும். இது உதவித்தொகைக்கானது. இதற்கு மேல் எடுத்தால் பிள்ளை உதவித்தொகைக்குத் தகுதி பெறலாம். பாடசாலை அனுமதியை இது தீர்மானிப்பதில்லை.

மற்றது பாடசாலை வெட்டுப்புள்ளி. இதை யாரும் முன்கூட்டி உட்கார்ந்து நிர்ணயிப்பதில்லை. ஒரு பாடசாலையில் ஆறாம் தரத் தமிழ் மொழிமூலத்தில் முப்பது இடங்கள் இருக்கின்றன என்று வையுங்கள். அதை விரும்பிக் கேட்ட பிள்ளைகளைப் புள்ளி வரிசையில் நிறுத்தினால், முப்பதாவது பிள்ளையின் புள்ளி எதுவோ அதுவே அந்த ஆண்டின் வெட்டுப்புள்ளி. ஆகவே சென்ற ஆண்டின் எண் ஒரு குறிப்பு மட்டுமே. இந்த ஆண்டு கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம்.

இன்னொன்றையும் பாருங்கள். முதலாம் தரத்திலிருந்தே வகுப்புகள் நடக்கும் பாடசாலையில், அங்கே படித்த பிள்ளைகள் அப்படியே ஆறாம் தரத்துக்கு ஏறுவார்கள். வெளியிலிருந்து வருபவர்களுக்கு மிஞ்சுவது கொஞ்ச இடங்கள்தான். ஆறாம் தரத்தில்தான் தொடங்கும் பாடசாலையில் எல்லா இடங்களும் புதியவர்களுக்கே. ஒரே அளவு பெயர் பெற்ற இரண்டு பாடசாலைகளில் ஒன்றின் வெட்டுப்புள்ளி மட்டும் ஏன் வானத்தில் நிற்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் எந்தப் பாடசாலைகளைப் போடுவது?

புள்ளி வருவதற்கு முன்பே இதை யோசியுங்கள். நான் பெற்றோரிடம் முதலில் கேட்பது "எத்தனை புள்ளி எதிர்பார்க்கிறீர்கள்?" என்றல்ல. "காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு?" என்றுதான்.

மலையகத்தில் தமிழ்ப் பிள்ளைகள் கேட்கும் பாடசாலைகள் எல்லோருக்கும் தெரிந்தவை: ஹட்டனில் ஹைலண்ட்ஸ் கல்லூரி, பதுளையிலும் புசல்லாவையிலும் சரஸ்வதியின் பெயர் தாங்கிய மத்திய கல்லூரிகள், பண்டாரவளையில் தமிழ் மத்திய கல்லூரி. கண்டிக்கும் கொழும்புக்கும் ஆசைப்படுபவர்களும் உண்டு. ஆசை தவறில்லை. ஆனால் தோட்டத்திலிருந்து பெரிய வீதிக்கு வர அரை மணி நேரம் நடை, பிறகு பஸ், மாலையில் அதே வழியாகத் திரும்பி வருவது, இதை ஒரு பத்து வயதுப் பிள்ளை ஆண்டுக்கு இருநூறு நாள் செய்ய வேண்டும். மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் ஹட்டன் பக்கத்தில் மழை எப்போது விடும் என்று யாருக்கும் தெரியாது. மண் சரிந்து வீதி அடைபட்ட நாட்களையும் கணக்கில் எடுங்கள்.

என் மகள் நல்ல புள்ளி எடுத்தாள். தூரத்து நகரத்துப் பாடசாலை ஒன்று கிடைத்தது. ஊரே வாழ்த்தியது, நானும் தலைகால் தெரியாமல் சேர்த்துவிட்டேன். முதல் பஸ் காலை 5.40. இரண்டு மாதத்தில் களைத்துப் போனாள். உறவினர் வீட்டில் தங்க வைத்தோம். அவர்கள் நல்ல மனிதர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டாம் தவணை விடுமுறைக்கு வீடு வந்தவள், சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்பா, அங்கே வயிறு நிறையச் சாப்பிடக் கூச்சமாக இருக்கிறது" என்றாள். அந்தப் பாடசாலையில் ஆய்வுகூடம் எத்தனை, நூலகம் எத்தனை மாடி என்றெல்லாம் விசாரித்த நான், இதை ஒருமுறையும் விசாரிக்கவில்லை. ஏழாம் தரத்தில் பக்கத்து நகரத்துப் பாடசாலைக்கு மாற்றினோம். உயர்தரம் வரை அங்கேயே படித்தாள்.

தூரத்துப் பாடசாலையே வேண்டாம் என்பது என் வாதமல்ல. விடுதி இருக்கிறதா, அதில் இடம் கிடைக்குமா, மாதம் என்ன செலவு, வெள்ளிக்கிழமை பிள்ளை எப்படி வீடு வரும் என்பவற்றை அந்த நகரத்துக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அன்றைய பேர், அதாவது அந்த ஒரு நாள் சம்பளம், போனாலும் பரவாயில்லை.

விருப்ப வரிசையை நிரப்பும்போது அதிபரோடும் வகுப்பாசிரியரோடும் உட்காருங்கள். பெயர் பெற்ற மூன்று பாடசாலைகளை மட்டும் போட்டு, மூன்றும் கிடைக்காமல் போனவர்கள் பலர். வரிசையின் கடைசியிலாவது, பிள்ளை நிச்சயம் போய்வரக்கூடிய ஒரு நல்ல பாடசாலை இருக்கட்டும். கிடைக்காவிட்டால் மேன்முறையீடு செய்யலாம். ஆனால் அது வெற்றிடம் இருந்தால்தான் பலிக்கும். "தெரிந்த ஒருவர்" மூலம் எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

உதவித்தொகை எவ்வளவு? எல்லோருக்கும் கிடைக்குமா?

மாதம் 750 ரூபாயாக இருந்ததை 1500 ஆக்குவதாக 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். எல்லோருக்கும் இல்லை. மாவட்ட வெட்டுப்புள்ளியும் வேண்டும், குடும்ப வருமானம் வரையறைக்குள்ளும் இருக்க வேண்டும். சம்பளச் சிட்டைகளைப் பத்திரமாக வைத்திருங்கள். கிராம உத்தியோகத்தரிடம் போகும்போது அவை கைகொடுக்கும்.

டியூஷன் இல்லாமல் சித்தியடைய முடியுமா?

முடியும். என்னிடம் படித்தவர்களில் டியூஷன் வாசலையே மிதிக்காத பிள்ளைகளும் நல்ல புள்ளி எடுத்திருக்கிறார்கள். டியூஷன் போனவர்களும் எடுத்திருக்கிறார்கள். நான் எதிர்ப்பது டியூஷனையல்ல, அதன் அளவை. நான்காம் தரத்திலேயே சனி, ஞாயிறு முழுவதையும் விழுங்கும் வகுப்பு, ஒவ்வொரு கிழமையும் போட்டோ கொப்பிக் காசு, அதற்கு மேல் "விசேட கருத்தரங்கு". தாயின் ஒரு நாள் சம்பளம் சத்தமில்லாமல் அங்கே போகிறது.

கிழமைக்கு ஒரு கடந்தகால வினாத்தாளை நேரம் பிடித்துச் செய்ய வையுங்கள். செய்து முடித்ததும் பிழைத்த வினாக்களை மட்டும் எடுத்து, "இங்கே என்ன நினைத்து இதைப் போட்டாய்?" என்று கேளுங்கள். திட்டுவதற்காகக் கேட்காதீர்கள், தெரிந்துகொள்வதற்காகக் கேளுங்கள். ஒரு தாள் அப்படிச் செய்தால் பத்துத் தாளுக்குச் சமம்.

பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்னிருந்து டியூஷன் வகுப்பு, கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் விநியோகம் எல்லாவற்றையும் பரீட்சைத் திணைக்களம் ஆண்டுதோறும் தடை செய்கிறது. அந்த நாட்களில் "கடைசி நேர வினாத்தாள்" என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

எங்களுக்கே எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் எப்படி உதவுவது?

பெற்றோர் கூட்டம் ஒன்றுக்கு ஒரு தாய், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கைக் கூடக் கழற்றாமல் மலையிலிருந்து நேரே வந்தார். "எனக்குக் கையெழுத்து மட்டும்தான் சேர் தெரியும்" என்று கூசிச் சொன்னார். அவருடைய மகள் கணிதத்தில் வகுப்பில் முதலாவது. எப்படி என்று பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு மாலையும் அம்மா அன்றைய கொழுந்து நிறையைச் சொல்வார், மகள் மனக்கணக்காகக் கூட்ட வேண்டும். காலை 6 கிலோ, பகல் 7, மாலை 5. மொத்தம் 18. தண்ணீருக்கும் சாக்குக்கும் என்று 2 கழித்தால் 16. தோட்டம் இருபது கிலோ கேட்டால் இன்னும் எத்தனை குறைகிறது? "ஏன் கழிக்கிறார்கள், அம்மா?" என்றும் அந்தப் பிள்ளை கேட்டதாம். அதற்கு விடை வினாத்தாளின் எந்தப் பகுதியிலும் இல்லை.

உங்களிடம் இருப்பதைக் கொடுங்கள். பருப்புச் சுற்றி வந்த பத்திரிகைத் துண்டை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இன்று பாடசாலையில் படித்ததை உங்களுக்குப் பாடமாக நடத்தச் சொல்லுங்கள். புரியவில்லை என்றால் புரியவில்லை என்றே சொல்லுங்கள், பிள்ளை இன்னொரு விதமாக விளக்கப் பார்க்கும். சுற்றாடல் பாடத்துக்கு வேண்டியதில் பாதி, நாம் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தைச் சுற்றியே இருக்கிறது. வீட்டுக்குள் ஒரே காம்பராவில் தொலைக்காட்சியும் படிப்பும் இருந்தால், மாலையில் ஒரு மணி நேரம் அதை அணையுங்கள். நாடகம் ஓடிவிடும்தான். மறுநாள் அண்டை வீட்டில் கதை கேட்டுக்கொள்ளலாம்.

சிங்கள மொழிமூலத்தில் போட்டால் நல்ல பாடசாலை கிடைக்கும் என்கிறார்களே?

பரீட்சை தமிழிலும் சிங்களத்திலும் நடக்கிறது. பிள்ளை படித்த மொழியிலேயே தோற்றட்டும். ஆறாம் தரத்தில் மொழியை மாற்றினால் விஞ்ஞானமும் வரலாறும் புதிய மொழியில் ஒரேயடியாக வந்து விழும். சிங்களம் பேசப் பழக்குங்கள், அது வாழ்க்கைக்கு வேண்டும், இரண்டாம் பகுதிக்கும் உதவும்.

பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒருவிதம், பாடசாலைப் பதிவில் இன்னொருவிதம். சிக்கல் வருமா?

தோட்டங்களில் இது சாதாரணம். பதிவாளர் காதில் விழுந்தபடி எழுதியதுதான் சான்றிதழாக இருக்கும். தந்தையின் பெயரும் பிள்ளையின் பெயரும் இடம் மாறிக் கிடப்பதும் உண்டு. பரீட்சைக்கான விண்ணப்பம் பாடசாலை மூலமாகத்தான் போகிறது. அதை அனுப்புவதற்கு முன், பிள்ளையின் பெயர் எப்படிப் பதியப்பட்டிருக்கிறது என்று அதிபரிடம் கேட்டு, சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்த வேண்டியிருந்தால் நான்காம் தரத்திலேயே பிரதேச செயலகத்துக்குப் போய் வேலையைத் தொடங்குங்கள். ஐந்தாம் தரத்தில் ஓடினால் மூச்சு வாங்கும்.

பார்வை, கேட்டல் போன்றவற்றில் பிள்ளைக்குச் சிரமம் இருந்தாலும் விண்ணப்பிக்கும் நேரத்திலேயே அதிபரிடம் சொல்லிவிடுங்கள். மேலதிக நேரம் போன்ற சலுகைகளை முன்கூட்டியே கேட்டுப் பெற வேண்டும்.

2024 இல் வினாத்தாள் கசிந்ததே? இனி எப்படி நம்புவது?

அந்த ஆண்டு செப்டம்பர் 15 இல் நடந்த பரீட்சையின் முதலாம் பகுதியில் மூன்று வினாக்கள் முன்பே வெளியாகியிருந்தன. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. முடிவில் அந்த மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப் புள்ளி கொடுத்தார்கள். பெறுபேறு 2025 ஜனவரியில்தான் வந்தது. பெரியவர்கள் செய்த பிழைக்கு நான்கு மாதம் காத்திருந்தவர்கள் பத்து வயதுப் பிள்ளைகள். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆனால் உங்கள் பிள்ளையிடம் இந்தக் கோபத்தை இறக்கி வைக்க வேண்டாம்.

புள்ளி வரவில்லை. இனி என்ன?

முதலில், 70 புள்ளிக்கு மேல் எடுத்தாலே சித்தி. "வெட்டுப்புள்ளிக்குக் கீழ் என்றால் பெயில்" என்று சொல்லும் மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். அவரை நம்பாதீர்கள்.

கூட்டலில் பிழை நடந்திருக்கலாம் என்று வகுப்பாசிரியரும் கருதினால் விடைத்தாள் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்து, கதவு இத்தோடு மூடுவதில்லை. சாதாரண தரம் முடித்ததும் உயர்தரத்துக்குப் பாடசாலை மாறலாம். அப்போது பிள்ளைக்குப் பதினாறு வயது, பஸ்ஸில் தனியாகப் போகத் தெரியும், தனக்கு எந்தப் பாடம் பிடிக்கும் என்றும் தெரியும். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான துறைகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை வரிசை, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீடு, மிச்சம் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் நுவரெலியாவும் இருக்கிறது, பதுளையும் இருக்கிறது. அங்கே யாரும் ஐந்தாம் தரப் புள்ளியைக் கேட்பதில்லை.

பக்கத்துப் பாடசாலையில் விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் இல்லை, அதனால்தான் தூரத்துக்கு ஆசைப்படுகிறோம் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். அந்தக் குறை பரீட்சையால் தீராது. பாடசாலை அபிவிருத்திக் குழுவில் பெயர் கொடுத்து, வலயக் கல்விப் பணிமனைக்குப் பெற்றோராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள். ஒருவர் போனால் வாசலில் காத்திருக்க வைப்பார்கள். நாற்பது பேர் போனால் நாற்காலி போடுவார்கள்.

சித்தியடைந்தவர்களின் படத்தோடு பதாகை கட்டுகிறார்கள். எங்கள் பிள்ளையின் படத்தைக் கொடுக்கலாமா?

உங்கள் விருப்பம். நான் கொடுக்கவில்லை. ஒன்பது முகங்கள் சிரிக்கும் பதாகைக்குக் கீழே ஒரு புள்ளியில் தவறிய பத்தாவது பிள்ளை தினமும் நடந்து போவதை என் வகுப்பறை ஜன்னலிலிருந்து மூன்று மாதம் பார்த்தேன். மழையில் சாயம் போகும் வரை அதை யாரும் கழற்றவில்லை.

பரீட்சைக்கு முந்திய நாள் என்ன செய்வது?

புத்தகத்தை மூடுங்கள். பரீட்சை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது, அன்று பஸ் குறைவு. நிலையம் வேறு பாடசாலையில் என்றால் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வான் ஒன்றை முந்திய கிழமையே பேசி வையுங்கள். சீருடை, சுட்டெண், இரண்டு பென்சில், தண்ணீர்ப் போத்தல், எல்லாவற்றையும் இரவே ஒரு பையில் எடுத்து வையுங்கள். ஆகஸ்ட் என்றால் காலுறை வெயிலில் காயாது. முந்திய இரவே அடுப்புக்கு மேல் கொடியில் போடுங்கள், ஆனால் புகை மணம் ஏறாத உயரத்தில்.

பரீட்சை முடிந்து வெளியே வரும் பிள்ளையை வாசலிலேயே பிடித்து வைத்து வினாத்தாளை முதலாம் வினாவிலிருந்து விசாரிக்காதீர்கள். கடைக்கு அழைத்துப் போய் ஒரு ரோல்ஸும் தேநீரும் வாங்கிக் கொடுங்கள். சொல்ல வேண்டியதை அதுவாகவே சொல்லும். என் மகன் வெளியே வந்து முதலில் சொன்னது, பக்கத்து மேசைப் பையனின் அழிறப்பர் யானை வடிவத்தில் இருந்ததாம், தும்பிக்கை மட்டும் தேய்ந்து போயிருந்ததாம்.